பழைய கப்பலா, புதிய கப்பலா?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து உல்லாசக் கப்பலில் கரீபியன் கடலுக்குச் செல்ல நினைப்பவர்களுக்கு, எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறோம் என்பதே இக்கேள்விக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும். மயாமியிலிருந்து 2024 ஜனவரியில் முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்ற புதிய கப்பல் 20 தளங்கள் கொண்டது. அதனால் டாம்பாவை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அத்துறைமுகத்துக்கான வழியில், 1987இல் திறக்கப்பட்ட சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் அடியில் ஏறத்தாழ 55 மீட்டர் உயரமே இருப்பதால், 1996இல் சேவைக்கு வந்த 'கிராண்டியர் ஆஃப் த சீஸ்' போன்ற சிறிய கப்பல்கள்தாம் நுழைய முடிகிறது.

நான் ஒருமுறை பழைய கப்பலொன்றில் சென்றேன். குளியலறைத் திரைச்சீலை ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொண்டது. அறைக்கு ஒரே ஒரு மின்செருகி என்பதால், கைப்பேசிக்கு மின்னேற்ற எனக்கும் மனைவிக்கும் தினமும் பேச்சுவார்த்தை நடந்தது. ஆனால் கப்பலைச் சுற்றிவரும் மரத்தளத்தில் காலையில் நடந்தால், கைப்பிடிக்கு அப்பால் கடலைத் தவிர வேறொன்றுமில்லை. ஏழு நீச்சல் குளங்களும் ஆறு நீர்ச்சறுக்குகளும் கொண்ட ஐகானிலோ, கடலை நாமாகத் தேடிப்போனால்தான் உண்டு.

குழந்தைகளோடு செல்வோர் யோசிக்காமல் புதியதையே எடுக்கலாம்; பால்கனி அறைகளும் அதில்தான் அதிகம். பழையதை விரும்புவோர், கட்டிய ஆண்டைவிட, கப்பல் கடைசியாக உலர்துறைக்கு (நீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு) சென்று புதுப்பிக்கப்பட்ட ஆண்டைப் பார்த்துவிட்டு, சுற்றுநடைத் தளத்துக்கு அருகிலேயே அறை கேட்பது நல்லது.