குரி மணல்மேடுகளில் 25 நிமிடங்கள்

தார் பாலைவனத்தைப் படமெடுக்க ஜெய்சல்மேருக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் சாம் மணல்மேடுகளுக்கே போகிறார்கள். மாலையில் அங்கே ஒட்டகங்களும் ஜீப்புகளும் உழுதுவிட்டுப் போகும் தடங்கள், இரவில் காற்று வீசாவிட்டால் விடிந்த பிறகும் அப்படியே கிடக்கும் என்பதால், ஜனவரிப் பயணத்தில் நான் ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே இருக்கும் குரி என்னும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த மாதத்தில் அங்கே சூரியன் உதிக்க ஏறக்குறைய ஏழரை மணி ஆகிறது. நாடு முழுவதற்கும் ஒரே நேரக் கணக்கு இருக்க, ஊரோ அதன் மேற்கு ஓரத்தில் இருப்பதால், சென்னையைவிடச் சுமார் ஒரு மணி நேரம் தாமதம்.

முதல் நாள் காலையில் சூரியனை நோக்கியே கேமராவைத் திருப்பி வைத்துக்கொண்டு தவறு செய்தேன். வானம் செக்கச்செவேலென்று வந்தது. மணலோ வெறும் கருமையாகிப் போயிற்று. மறுநாள் சூரியனை வலத்தோளுக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றபோதுதான், நான் தேடி வந்தது வெளிச்சத்தை அன்று, நிழலை என்பது விளங்கியது. காற்று மணலில் வரைந்திருக்கும் அலைவரிகள் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவே எழும்பியிருக்கும். சூரியன் 5 டிகிரி உயரத்தில் இருக்கையில் அத்தகைய வரியின் நிழல் 11 சென்டிமீட்டருக்கு நீண்டு, அடுத்த வரியின் அடிவரை பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. நண்பகலிலோ அது ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உதயத்திலிருந்து அந்த 5 டிகிரியை எட்டச் சூரியனுக்குச் சுமார் 25 நிமிடங்கள் ஆகின்றன. ஆகவே நிற்க வேண்டிய இடத்தை முந்தைய மாலையிலேயே பார்த்து வைத்துவிட்டு, இருட்டிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். முகட்டின் மேல் நடந்துவிட்டால் நம் காலடிகளே படத்தைக் கெடுத்துவிடும்.

அந்த நேரத்தில் நிழல் நீலமாக இருக்கும், ஏனெனில் அதன்மேல் விழுவது வானத்தின் வெளிச்சம் மட்டுமே. படத்தின் வண்ணச் சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் கேமரா அந்த நீலத்தையும் மணலின் பொன்னிறத்தையும் மட்டுப்படுத்திவிடக்கூடும் என்பதால், நான் பகலொளி அமைப்பிலேயே வைத்துக்கொள்கிறேன். வெளிர்மணலைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்வாங்கும் ஒளியை, முக்கால் ஸ்டாப் வரை கூட்டி (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மணல்மேட்டில் நின்று லென்ஸ் மாற்றுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த படத்தில் சூரியனும் இல்லை, தொடுவானமும் இல்லை. முகட்டுக்கு அப்பால், காற்று மறைவில் செங்குத்தாக இறங்கும் சரிவில், இரவில் ஏறிச் சென்ற ஒரு வண்டின் தடம் இரட்டை வரிசைப் புள்ளிகளாகத் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு துளி நிழல். மண்டியிட்டு ஐந்தாறு படங்கள் எடுப்பதற்குள், என் முழங்கால் அழுத்தத்தில் மேலிருந்து மணல் மெல்லச் சரிந்து, தடத்தின் பாதியை மூடிவிட்டது.