ஸ்கோர் குறைவாக வந்தவர்கள்

24 செப்டம்பர் 2021

அடுத்த மாத ஜர்னல் கிளப் (ஆய்வுக் கட்டுரைகளைத் துறையில் அலசும் கூட்டம்) என் தலையில் விழுந்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவ மாணவர்களின் மனநலம், அதில் ஆண் பெண் வேறுபாடு. மனநலத் துறையில் முதுநிலை படிக்கும் பிஜிக்கு இதைவிடச் சுலபமான தலைப்பு கிடைக்காது என்கிறார் சீனியர். "பொண்ணுங்களுக்குத்தான் டிப்ரஷனும் பதற்றமும் கூட. முக்கால்வாசி பேப்பர்ல அதான் இருக்கு. பத்து ஸ்லைடுல முடிச்சுடு."

முடித்துவிடலாம்தான். ஆனால் ஜூனியர்கள் மனம்விட்டுப் பேச அழைக்கும் எண்ணுக்கு மாலை நேரத்தில் பதில் சொல்வதும் நான்தான். அங்கே காதில் விழுவது இவ்வளவு நேராக இல்லை.

பழைய கணக்கிலிருந்து தொடங்கினேன். 2016இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வின்படி, மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. 11.1 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம். மனச்சோர்வு இருப்பதாகத் தெரியவந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம்தான். கொரோனா என்ற பெயரே வராத காலத்துக் கணக்கு இது.

28 செப்டம்பர்

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பேசினாள். (இங்கே எழுதுகிறவர்களிடம் கேட்டுவிட்டு, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.) வீட்டில் எல்லோருக்கும் தொற்று வந்தபோது, "நீதான் டாக்டருக்குப் படிக்கிறியே" என்று ஆக்ஸிமீட்டரை இவள் கையில் கொடுத்துவிட்டார்கள். வகுப்பு ஓடிக்கொண்டிருக்க, கேமராவை அணைத்துவிட்டுப் பாட்டியின் விரலில் மாட்டி, ஆக்ஸிஜன் அளவைக் குறித்துக்கொண்டு வருவாளாம். அண்ணனும் கல்லூரி மாணவன்தான். அவன் அறைக் கதவு சாத்தியே இருந்தது.

"94 வந்தா சொல்லவா வேண்டாமானு தெரியாதுக்கா. சொன்னா வீடே பயந்துடும். சொல்லாம ஏதாவது ஆயிட்டா?"

உடற்கூறியலும் உடலியங்கியலும் மட்டும் படித்து முடித்த பெண். பாட்டி பிழைத்துவிட்டார். இவளுக்கு இன்னும் இரவில் இரண்டு மூன்று தடவை விழிப்பு வருகிறது. பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 கேள்வித்தாளில் 15 எடுத்திருக்கிறாள். 21க்கு 15 என்றால் கடுமையான பதற்றம் என்ற பிரிவு. "பெண்களுக்கு இயல்பாகவே பதற்றம் அதிகம்" என்று எழுதுகிறவர்கள் அந்த வீட்டில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

3 அக்டோபர்

இன்று முழுக்கக் கேள்வித்தாள்களோடு போயிற்று.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9இல் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும். ஆர்வம், தூக்கம், சோர்வு, பசி, கவனம், தற்கொலை எண்ணம் எல்லாம் உண்டு. எரிந்து விழுவதோ, குடி கூடுவதோ, வண்டியைக் கண்மூடித்தனமாக ஓட்டுவதோ கிடையாது. ஆண்களின் மனச்சோர்வு பலநேரம் இப்படித்தான் வெளியே வருகிறது என்பதால்தான் ஸ்வீடனில் காட்லாண்ட் அளவுகோல் என்று தனியாக ஒன்றே உருவானது. 2013இல் அமெரிக்கத் தரவுகளை வைத்து வந்த ஓர் ஆய்வு, வழக்கமான அறிகுறிகளோடு கோபத்தையும் குடியையும் சேர்த்து எண்ணியது. மனச்சோர்வு ஆண்களில் 30.6 சதவீதம், பெண்களில் 33.3 சதவீதம் என்று கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது.

அதற்காகக் குற்றம் முழுவதையும் கேள்வித்தாள் மேல் போட முடியாது. 1977இல் வந்த சிஇஎஸ்-டி என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளில் "அழுதேன்" என்று ஒரு கேள்வி உண்டு, அது பெண்கள் பக்கம் சாயும் என்பார்கள். சரி. ஆனால் பிஎச்க்யூ-9 அழுகையைப் பற்றிக் கேட்பதே இல்லை. அதிலும் மாணவிகளுக்குத்தான் கூட வருகிறது.

10 அக்டோபர்

உலக மனநல நாள். போஸ்டர் போட்டி, ஜூமில் உறுதிமொழி. அதை விடுவோம்.

முந்தாநாள் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை உருப்படியானது. பெருந்தொற்றால் 2020இல் உலகில் கூடுதலாக 5.32 கோடிப் பேருக்குப் பெரு மனச்சோர்வு நோய், அதில் பெண்கள் 3.55 கோடி. பதற்றக் கோளாறு கூடுதலாக 7.62 கோடி, பெண்கள் 5.18 கோடி. வயதில் இளையவர்களுக்கே அடி அதிகம். மருத்துவ மாணவர்களைப் பற்றிய கட்டுரை அல்ல. ஆனால் இளம் வயது, பெண் என்ற இரண்டு பட்டியலிலும் எங்கள் மாணவிகள் வருகிறார்கள். ஆசிரியர்கள் சொல்லும் காரணங்களும் உடம்பு சார்ந்தவை அல்ல: வீட்டுப் பராமரிப்பு பெண்கள் தலையில் ஏறியது, வருமானம் போனது, குடும்ப வன்முறை.

14 அக்டோபர்

பயிற்சி மருத்துவர் ஒருவன் துறை வாசலில் பிடித்துக்கொண்டான். "அக்கா, தூக்க மாத்திரைக்கு டோஸ் மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் இல்ல."

உட்கார வைத்து பிஎச்க்யூ-9ஐக் கொடுத்தேன். அரை நிமிடத்தில் நிரப்பிவிட்டான். தூக்கம் 3, சோர்வு 2, கவனம் 1, மீதி எல்லாம் பூஜ்யம். மொத்தம் 6. ஆன்லைன் கணக்கெடுப்பாக இருந்தால் "லேசான அறிகுறிகள்" என்று எக்செல் தாளில் ஒரு வரியாகப் போயிருப்பான்.

தாளைத் திருப்பி வைத்துவிட்டுக் கோவிட் வார்டில் என்ன வேலை என்று கேட்டேன். இறந்தவர்களின் வீட்டுக்குப் போன் செய்து சொல்கிற வேலை. நேரில் பார்த்தே இராத நோயாளியின் மகனுக்கு, மகளுக்கு. கேஸ் ஷீட்டைப் பார்த்துப் பெயரைச் சரியாகச் சொன்னால் போதும் என்றார்களாம். இப்போது வீட்டிலிருந்து போன் வந்தாலே கத்துகிறான். போன வாரம் மொபைலைச் சுவரில் எறிந்திருக்கிறான். குடிக்கிறானா என்றேன். "எல்லாரும் போலத்தான்" என்றான்.

செத்துவிடலாம் என்று தோன்றியதா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வெளியே பலருக்கு உண்டு, அப்படி ஆவதில்லை. கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "பிளான் எல்லாம் இல்லக்கா" என்றான். தாளில் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் போட்டிருந்தவன். அப்போதே துறையின் மூத்த மருத்துவரான கன்சல்டன்டிடம் அழைத்துப் போனேன்.

19 அக்டோபர்

"பெண்கள் நோயைச் சொல்வார்கள், ஆண்கள் உயிரை விடுவார்கள்" என்றொரு வசதியான வாய்ப்பாடு எங்கள் துறையில் உலவுகிறது. பொதுமக்களிடம் தற்கொலைச் சாவு ஆண்களிடம்தான் அதிகம், உண்மை. ஆனால் மருத்துவர்களைப் பற்றி 2004இல் வந்த தொகுப்பாய்வைப் பார்த்தால் வாய்ப்பாடு உதவவில்லை. பொதுமக்களில் உள்ள ஆண்களோடு ஒப்பிட்டால் ஆண் மருத்துவர்களுக்கு 1.41 மடங்கு, பெண்களோடு ஒப்பிட்டால் பெண் மருத்துவர்களுக்கு 2.27 மடங்கு. பழைய கணக்குதான். ஆனாலும் மாணவி அழுதால் "சொல்லிவிட்டாள், இனி பயமில்லை" என்று விடுகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்கட்டும்.

22 அக்டோபர்

ஜர்னல் கிளப் முடிந்தது. பத்து ஸ்லைடு இருபத்தைந்தாகிவிட்டது, சீனியர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். "கடைசியில் யாருக்கு அதிகம்னு சொல்லும்மா" என்றார். மாணவிகளுக்கு வரும் அதிக ஸ்கோர் நிஜம், ஆண் மாணவர்களுக்கு வரும் குறைந்த ஸ்கோரை நான் நம்பவில்லை என்றேன். "அது ஆய்வு முடிவு இல்ல, உன் அபிப்பிராயம்" என்றார். ஆமாம் என்றேன்.

துறைத்தலைவர் இரண்டுக்குச் சம்மதித்தார். பரிசோதனைத் தாளோடு கோபம், குடி பற்றிய கேள்விகளைச் சேர்ப்பது, தாளை நிரப்பிய பிறகு ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடமாவது நேரில் பேசுவது. மாணவர்களின் பெயர் கல்லூரி அலுவலகத்துக்குப் போகக்கூடாது என்று நான் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அது முடிவாகாமல் தாளைக் கொடுக்கப் போவதில்லை. பெயர் போகும் என்று தெரிந்தால் இருபாலரும் பூஜ்யம்தான் போடுவார்கள்.