கிரேனியல் நெர்வ்: எண்ணை விடுங்கள், ஓட்டையைப் பிடியுங்கள்

ரிசல்ட் வந்தாயிற்று, பாஸ். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருத்துவம் படிக்கும் எந்த சீனியரைக் கேட்டாலும் நியூரோ பிளாக்தான் (நரம்பியல் பாடப்பகுதி) ஆளைக் கவிழ்க்கும் என்பார்கள்; அதில் மூளையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு ஜோடி கிரேனியல் நெர்வ்கள் முக்கியம். எனக்கு மார்க் அள்ளிக் கொடுத்ததே அதுதான். ஜூனியர்கள் ஓயாமல் கேட்பதால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு கோபம். நரம்புகளின் பெயர்களை வரிசையாக நினைவில் வைக்கச் சொல்லித்தரும் அந்த ஒலிம்பஸ் மலை வாய்ப்பாட்டைத் தூக்கிப் போடுங்கள். அதைத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கக் கூடியவர்கள் ஸ்பாட் டெஸ்டில் திருதிருவென்று விழித்ததைப் பார்த்தேன். 1 முதல் 12 வரையான வரிசை என்பது மூளையின் அடிப்பக்கத்தில் முன்னிருந்து பின்னாக நரம்புகள் தென்படும் வரிசை, அவ்வளவுதான். 1778இல் சோமரிங் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் போட்டுக் கொடுத்தது. தேர்வில் யாரும் வரிசையைக் கேட்பதில்லை. மண்டையோட்டின் ஒரு ஓட்டையில் குச்சியைச் செருகி வைத்து, இதன் வழியாக என்ன போகிறது, அது அறுந்தால் என்ன ஆகும் என்றுதான் கேட்கிறார்கள்.

ஆகவே ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு தேடிப் பிடியுங்கள். ஆயா பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூலைத் திருடி, ஓட்டை ஓட்டையாகக் கோத்தேன். கை பழகிவிட்டால் வாய் தானாகப் பேசும். கூட்டமாக உட்கார்ந்து படிப்பது எனக்கு ஒத்துவராது. உங்களுக்கு ஒத்துவந்தால் ஆளுக்கொரு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல் ஆர்பிட்டல் (கண்குழி) பிளவு: 3, 4, 6, கூடவே ஐந்தின் முதல் கிளை.
ரொட்டண்டம்: ஐந்தின் இரண்டாம் கிளை. ஓவேல்: மூன்றாம் கிளை.
உட்செவித் துளை: 7, 8.
ஜுகுலர்: 9, 10, 11.
ஹைப்போகிளாசல் கால்வாய்: 12, தனிக்குடித்தனம்.

இப்படிப் படித்தால் நோயும் கூடவே வந்துவிடும். ஜுகுலர் ஓட்டையில் ஒரு கட்டி வந்தால் குரல் கரகரக்கும், விழுங்குவது சிரமமாகும், தோள் தொங்கும். மூன்றும் சேர்ந்து வருவதற்கு வேறு விளக்கமே வேண்டாம். கேவர்னஸ் சைனஸ் (மண்டைக்குள் கண்குழிக்குப் பின்னால் இருக்கும் சிரை இரத்த அறை) ஓட்டை இல்லைதான், ஆனாலும் அதையும் இதே பட்டியலில் சேருங்கள்: 3, 4, ஐந்தின் முதல் இரண்டு கிளைகள் பக்கச் சுவரில், 6 மட்டும் உள்ளே, கரோட்டிட் தமனியை ஒட்டி.

இந்த ஆறாம் நரம்புதான் எங்கள் ஊர் வார்டின் நாயகன். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால், ஏறுவதற்குக் காரணம் எங்கே இருந்தாலும் சரி, இது செயலிழக்கலாம். நீண்ட பாதையில் எலும்பின் மேல் ஏறி வளைந்து போவதால் இழுபடும் என்பதே வழக்கமாகச் சொல்லும் விளக்கம். காசநோய் மூளைக்காய்ச்சலும், எச்ஐவியோடு வரும் கிரிப்டோகாக்கல் மூளைக்காய்ச்சலும் இங்கே அன்றாடம் பார்ப்பவை. கண் வெளிப்பக்கம் போகவில்லை என்றால் உடனே மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் கட்டி என்று எழுதாதீர்கள். எந்தத் தேர்வாளரும் இதை விடமாட்டார்.

ஆஸ்கியில் (நேரம் வைத்து நடக்கும் செய்முறைத் தேர்வு) வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் ஜூலு பேசுபவர்கள். இங்கிலீஷில் கட்டளை போட்டால் அவர் யோசிக்கும் நேரம் உங்கள் கடிகாரத்தில் கழியும். கண்ணை மூட ‘வாலா அமெஹ்லோ’, வாயைத் திறக்க ‘வூலா உம்லோமோ’, நாக்கை நீட்ட ‘கிபா உலிமி’. வயதான அம்மா என்றால் முன்னால் ஒரு ‘கோகோ’ (பாட்டி) போடுங்கள், முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சியிலேயே ஏழாம் நரம்பான முகநரம்பைப் பாதி பார்த்துவிடலாம்.

மற்ற கண்ணிகள், வரிசை எதுவும் இல்லாமல்:

முகநரம்பு காதருகே உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து பிரிகிறது, ஆனால் அதைச் சுரக்க வைப்பது 9.

நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் பழுது. உள்நாக்கு நேர் எதிர், நல்ல பக்கத்துக்கு ஓடும்.

முகம் கோணியிருந்தும் நெற்றி சுருங்கினால் மேலே, மூளையில் தேடுங்கள். நெற்றியும் சுருங்கவில்லையா, பெரும்பாலும் நரம்பிலேயே.

இமை தொங்கிக் கண் வெளியே திரும்பியிருக்கிறது, பாப்பா (கண்மணி) மட்டும் சரியாக இருக்கிறது: முதலில் சர்க்கரையைக் கேளுங்கள். இந்தியர்கள் நிறைந்த எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் எந்த வீட்டில் சர்க்கரை இல்லை! பாப்பா விரிந்திருந்தால் அனியூரிசம் (தமனிச் சுவர் புடைத்திருப்பது) இல்லை என்று தெரியும்வரை விடாதீர்கள்.

தலையை இடப்பக்கம் திருப்ப பலமில்லை என்றால் சந்தேகம் வலது பதினொன்றில். இங்கே அவசரப்படுபவர்கள் எல்லாரும் வழுக்குவார்கள்.

படி இறங்கும்போது இரட்டையாகத் தெரிகிறது என்றால் 4.

வாசனை பார்க்க ஸ்பிரிட்டையோ அமோனியாவையோ நீட்டாதீர்கள். அந்த எரிச்சலை உணர்வது 5. முகர முடியாதவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நீங்கள் ஒன்றாம் நரம்பு நலம் என்று எழுதிவிடுவீர்கள். காபித்தூள் போதும், ஒவ்வொரு மூக்குத் துளையாக.