அம்மாவுக்கு கார்ட்டிசால் டெஸ்ட் எடுத்த கதை

அம்மாவுக்கு மறதி நோய் (டிமென்ஷியா), கூடவே மனச்சோர்வு. பிரஷரும் சுகரும் மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போனதால் கார்ட்டிசால் பார்த்துவிடலாம் என்றார் ஹார்மோன் டாக்டர். ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்பார்களே, அதுதான்; அது மிதமிஞ்சினால் பிரஷரும் சுகரும் ஏறும். காலையில் உச்சத்தில் இருந்து நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். இறங்குகிறதா என்று ராத்திரி எச்சிலிலேயே பார்க்கலாம், ஆனால் பஞ்சை வாயில் வைத்து மெல்ல வேண்டும். அம்மா விழுங்கிவிடுவார், அதனால் அது வேண்டாம் என்றாகிவிட்டது.

மிஞ்சியது டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்க்கிற டெஸ்ட். ராத்திரி 11 மணிக்கு 1 மி.கி. மாத்திரை, காலை 8 மணிக்கு ரத்தம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததைப் பார்த்து மூளை, கார்ட்டிசாலைச் சுரக்கிற அட்ரீனல் சுரப்பியை அடக்க வேண்டும், ரத்தத்தில் கார்ட்டிசால் 1.8-க்குக் (மைக்ரோகிராம்/டெசிலிட்டர்) கீழே வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எட்டு மணிக்கே தூங்கிவிடுகிறவரை 11 மணிக்கு எழுப்பினால், "யாருடி நீ, எதைத் திருட வந்தே?" என்று ஆரம்பித்துவிட்டார். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் குடிக்கிற பழக்கம் வேறு, அதனால் டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தபடி வாழைப்பழத்தோடு மசித்து ஊட்டி, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்த பிறகுதான் படுத்தேன். ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வரச் சொல்லிவிடுங்கள். லேப் வாசலில் காத்திருந்தால் அந்தப் பதற்றமே போதும், கார்ட்டிசாலை ஏற்றிவிட. இன்னொன்று, கார்பமாசெபைன், ஃபெனிடாயின் மாதிரி வலிப்பு மாத்திரைகள் டெக்ஸாமெத்தசோனைச் சீக்கிரம் வெளியேற்றி ரிசல்ட்டைக் குழப்பும், அதனால் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடிய தோல் க்ரீம், நாட்டு மருந்துப் பொடி உட்பட எல்லாவற்றையும் முன்பே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

ரிசல்ட் 3.1. அட்ரீனலில் கட்டியோ என்று வீடே கலங்கிவிட்டது. டாக்டர் அம்மாவின் கையைத் திருப்பித் தோல் மெலிந்திருக்கிறதா, கன்றிப்போயிருக்கிறதா என்று பார்த்தார், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். எழுந்துவிட்டார். கார்ட்டிசால் நிஜமாகவே மிதமிஞ்சினால் தோல் மெலியும், தசை பலவீனமாகும், அதைத்தான் பார்த்தார். மனச்சோர்விலும் டிமென்ஷியாவிலும் இப்படி வரும் என்றார்: கார்ட்டிசாலுக்கு பிரேக் போடுவதில், மூளையில் நினைவுகளைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸ் பகுதிக்குப் பங்கு உண்டு, அல்சைமரில் முதலில் சுருங்குகிற இடங்களில் அதுவும் ஒன்று. 1980-களில் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கவே இந்த டெஸ்ட்டைப் பயன்படுத்திப் பார்த்தார்களாம், டிமென்ஷியா உள்ளவர்களுக்கும் பாசிட்டிவ் வந்ததால் நம்ப முடியாமல் போனதாம்.

உடனே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம், மனச்சோர்வைக் கவனிப்போம் என்றார். மாத்திரையை மாற்றினார்கள், பகல் தூக்கத்தைக் குறைத்தோம், சாயங்காலம் ஆனதும் வருகிற படபடப்பும் கொஞ்சம் அடங்கியது. சில மாதம் கழித்து அதே டார்ச், அதே திட்டு, இந்த முறை 1.5. பிரஷரும் கட்டுக்குள் வந்துவிட்டது. சுகர் மட்டும் இன்னும் படுத்துகிறது, அதற்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறோம்.