பின் சீட்டிலிருந்து

ஜனவரி 9
விபத்துக்குப் பிறகு போகும் தெரபியில் ஆறாவது செஷன். வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. அழுது தீர்த்தால் யாருக்குத்தான் லேசாக இருக்காது? இந்த லேசை நம்பித்தான் முன்பு வேறு ஒரு தெரபிஸ்டிடம் எட்டு மாதம் போனேன். நல்ல மனிதர். வேலை, தூக்கம், வீட்டுச் சண்டை எல்லாம் பேசினோம், விபத்தைத் தவிர. நானும் அந்தப் பக்கம் விடவில்லை. எட்டு மாத முடிவிலும் காரில் பின் சீட்டுதான், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

ஜனவரி 16
இன்று மறுபடி பிசிஎல்-5 கேள்வித்தாள். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. சுமார் 31-33க்கு மேல் போனால் பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பின் மனதில் தங்கிவிடும் பாதிப்பு) இருக்கலாம் என்று பார்ப்பார்கள். தாளை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. முதல் வாரம் எனக்கு 38. இன்று 46.

வயிற்றைக் கலக்கியது. தெரபிஸ்ட் மொத்தத்தை விட்டுவிட்டு, எது ஏறியது, எது இறங்கியது என்று பார்க்கச் சொன்னார். கனவு, திடீர் நினைவு, திடுக்கிடுவது எல்லாம் ஏறியிருந்தன. தவிர்ப்பது பற்றிய இரண்டு கேள்விகளில் மட்டும் 4, 4 என்று இருந்தது 2, 2 ஆகியிருந்தது. இரண்டு வாரமாக, விபத்து இப்போதுதான் நடப்பதுபோல் நானே சொன்ன பதிவைத் தினமும் கேட்கிறேன். மூடி வைத்ததைத் திறந்தால் கொஞ்ச நாள் இப்படி இருக்கலாம் என்றார்.

ஏறினாலும் நல்லது, இறங்கினாலும் நல்லது என்றால் இந்தத் தாள் எதற்கு? கேட்டேவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், சிரித்தார். "நியாயமான கேள்வி. இப்பவே எழுதி வச்சுக்கலாம்" என்றார். பதிவைக் கேட்டு, தவிர்ப்பதைச் செய்து பார்க்கும் இந்த முறைக்கு வழக்கமாக 8 முதல் 15 செஷன். பன்னிரண்டாவதுக்குள் பதிவைக் கேட்கும்போது வரும் பதற்றம் (0 முதல் 100க்குள் நான் போடும் எண்) இறங்க வேண்டும். தவிர்க்கும் விஷயங்களின் பட்டியலில் இரண்டையாவது செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதே பாதையில் இழுக்காமல், முறையை மாற்றுவதா என்று பேச வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த செஷன் வரை காத்திருக்கக் கூடாது, உடனே கூப்பிட வேண்டும். இதையும் எழுதச் சொன்னார்.

எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட நான் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

ஜனவரி 19
பதிவு: 90. நேற்றும் 90. எரிச்சல்.

ஜனவரி 28
பதிவு: 55. கண்ணாடி நொறுங்கும் இடத்தில் கொட்டாவி வந்தது! பயத்தைவிட இதுதான் அதிர்ச்சி.

பிப்ரவரி 4
முன் சீட்டில் உட்கார்ந்தேன். அண்ணன் ஓட்டினான், இருபது நிமிடம். ஒரே பெருமை.

பிப்ரவரி 6
பெருமை போயிற்று. காதில் பாட்டு ஓடியதா என்று தெரபிஸ்ட் கேட்டார். ஓடியது, முழுச் சத்தத்தில். உடம்பு முன் சீட்டில், நான் பின் சீட்டில். கணக்கில் வராது.

பிப்ரவரி 11
பாட்டு இல்லாமல். ஒவ்வொரு ஹாரனுக்கும் இல்லாத பிரேக்கை வலது கால் மிதித்துக்கொண்டே இருந்தது. தொடங்கும்போது 80, இறங்கும்போது 60. ரசிக்கவில்லை. ஆனால் இறங்கி ஓடவும் இல்லை.

பிப்ரவரி 19
நாளை பன்னிரண்டாவது. தாளை இன்றே நிரப்பினேன்: 29. பதிவு 30. முன் சீட்டு முடிந்தது. விபத்துச் செய்திகளையும் இப்போது படிக்கிறேன், அதுவும் பட்டியலில் இருந்ததுதான். விபத்து நடந்த அந்தத் திருப்பத்துக்குப் போவது மட்டும் பாக்கி.

29ஐப் பார்த்ததும் ஒரு சந்தேகம். பாவம், அந்தம்மா இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று குறைத்துப் போட்டேனோ? அண்ணனிடம் கேட்டேன். "ராத்திரி கத்துறது நின்னுடுச்சு. ஆனா எரிஞ்சு விழுறது அப்படியேதான் இருக்கு. நேத்து என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினியே!"

எரிச்சல் பற்றிய கேள்விக்கு 1 போட்டிருந்தேன். அடித்துவிட்டு 3 போட்டேன். மொத்தம் 31. இந்தத் தாளைத்தான் நாளை எடுத்துப் போகிறேன்.