டின் சூரையைத் தராசில் வைத்துப் பார்த்தேன்

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துப் பேரங்காடியில் டூனா (சூரை மீன்) டின் 3 எடுத்தால் 4 வெள்ளி 50 காசு என்று மஞ்சள் அட்டை தொங்கியது. ஜிஎஸ்டி வரி 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 விழுக்காடு என்று ஏறியதிலிருந்து மஞ்சள் அட்டையைக் கண்டால் கை தானாக நீளும் பழக்கம் வந்துவிட்டது, யோசிக்காமல் 12 டின் அள்ளிக்கொண்டு வந்தேன். இரவு வேலை முடித்து வந்து பசியில் ஒன்றைத் திறந்தால், மேலே தண்ணீர், அதற்குக் கீழே ஈர மரத்தூள் மாதிரி ஏதோ ஒன்று. டின்னின் படத்தில் இருந்ததோ கத்தியால் வெட்டி எடுத்த மாதிரி அழகான துண்டுகள்.

கோபத்தில் தூக்கம் வரவில்லை. மறுநாள் கேக் மாவு நிறுக்கும் சின்னத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் இருந்த மூன்று வகை டின்களையும் வடிகட்டியில் கொட்டி, அழுத்தாமல் ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, மீனை மட்டும் நிறுத்தேன்.

நாம் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். டின் முகப்பில் பெரிதாக இருப்பது நிகர எடை, தண்ணீரும் எண்ணெயும் அதில் சேர்த்தி. நாம் சாப்பிடப் போகும் மீன் எவ்வளவு என்பது பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'வடிகட்டிய எடை' என்று இருக்கும். என்னுடைய 1 வெள்ளி 50 காசு டின்னில் நிகர எடை 185 கிராம், வடிகட்டிய எடை 120 கிராம் என்று போட்டிருந்தது. என் தராசு 112 காட்டியது. (வீட்டுத் தராசுதான், ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே இருக்கலாம், எட்டு கிராமா?) நான் வழக்கமாக வாங்கும் 2 வெள்ளி 40 காசு டின்னும் அதே 185 கிராம்தான், ஆனால் மீன் 141 கிராம் நின்றது. மூன்றாவது 1 வெள்ளி 95 காசு, கொஞ்சம் குட்டி டின், மீன் 106 கிராம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் மீனுக்கு மலிவு டின்னில் 1 வெள்ளி 34 காசு, விலை உயர்ந்ததில் 1 வெள்ளி 70 காசு. அலமாரியில் 90 காசு வித்தியாசமாகத் தெரிந்தது, மீன் கணக்கில் 36 காசுக்குச் சுருங்கிவிட்டது. 'நடுத்தர விலை, பரவாயில்லை' என்று நினைத்து நான் அவ்வப்போது எடுக்கும் அந்தக் குட்டி டின்தான் 1 வெள்ளி 84 காசு, மூன்றிலும் அதிகம்! இத்தனை நாள் அதைச் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எடை ஒரு பக்கம் இருக்கட்டும். டின்னில் 'சங்க்ஸ்' (துண்டுகள்) என்று போட்டுவிட்டு மரத்தூளை அடைப்பது என்ன நியாயம்? டின் சூரைக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் ஒன்று இருக்கிறது. அதன்படி சங்க்ஸ் என்றால் பெரும்பாலான துண்டுகள் 1.2 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, அதைவிடச் சின்னது வடிகட்டிய எடையில் 30 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. அதைவிடப் பொடியாக இருந்தால் அதன் பெயர் ஃபிளேக்ஸ், அதாவது உதிரி. மகனின் ரூலரை எடுத்து வந்து தட்டில் அளந்தேன், சிரிக்காதீர்கள். 1.2 தாண்டியது நான்கோ ஐந்தோ துண்டு. ஃபிளேக்ஸ் என்று எழுதி ஃபிளேக்ஸ் விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, சாண்ட்விச்சுக்கு எப்படியும் பிசையத்தானே போகிறோம்.

நான் ரூலரோடு குனிந்திருப்பதைப் பார்த்து மாமியார் வந்தார். தூத்துக்குடிக்காரர், மீன் விஷயத்தில் அவரிடம் வாய் கொடுக்க முடியாது. "என்ன மீனும்மா இது?" என்றார். "டூனா, அத்தை" என்றேன். ஒரு துண்டை எடுத்துப் பெருவிரலால் நசுக்கி, "சூரைன்னு சொல்லு. ஊர்ல சீண்ட ஆளில்லாம கிடக்கும், அதையா டின்ல போட்டு வெள்ளிக்கணக்குல விக்கிறான்?" என்றார். அவர் சொன்னது சரிதான். 'லைட் மீட்' என்று வரும் மலிவு டின்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்கிப்ஜாக் என்ற வரிச்சூரை, மாசிக் கருவாடு செய்கிற அதே மீன். 'ஒயிட்' என்றால் அல்பகோர், அது வேறு விலை. சின்ன மீன் என்பதால் ஸ்கிப்ஜாக்கில் பாதரசமும் அல்பகோரைவிடக் குறைவு, ஆக மலிவானதில் ஒரு நன்மையும் இருக்கிறது.

அத்தை நசுக்கிய துண்டில் ஓரமாகக் கறுஞ்சிவப்பாக ஒரு பட்டை இருந்தது. அது ரத்தச் சதை. மீனை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, தோலும் முள்ளும் எடுத்துச் சுத்தம் செய்யும்போது இதையும் சுரண்டி எடுப்பார்கள், அது பெரும்பாலும் பூனை உணவுக்குப் போகும். அதன் பிறகு டின்னில் அடைத்து மூடி, மறுபடி கொதிநிலைக்கு மேலான சூட்டில் வேகவைப்பார்கள். சுத்தம் செய்வது கை வேலை, அவசரப்பட்டால் இந்தச் சதை டின்னுக்குள் தங்கிவிடும். கெடுதல் இல்லை, ஆனால் லேசான கசப்பும் இரும்பு வாடையும் வரும். மலிவு டின்னில் எலுமிச்சை பிழிந்தும் போகாத அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சதையில் தேன்கூடு மாதிரி பொடிப் பொடி ஓட்டை இருந்தால் மட்டும் நான் விலையைப் பார்ப்பதில்லை, நேராகக் குப்பைதான். வேகவைக்கும் முன்பே மீன் கெட ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருந்தாலும் துப்பிவிடுங்கள், அது மீன் கெடும்போது உண்டாகும் ஹிஸ்டமினாக இருக்கலாம், அடுப்பில் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. மூடியின் மடிப்பு ஓரத்தில் நசுங்கிய டின்னை அலமாரியிலேயே விட்டுவிடுவேன். அதே சமயம், கண்ணாடித் தூள் மாதிரி மின்னும் படிகம் கிடந்தால் பயப்பட வேண்டாம். என் நாத்தனார் ஒருமுறை கண்ணாடி என்று அலறி முழு டின்னையும் கொட்டினாள். அது ஸ்ட்ரூவைட், மீனில் உள்ள தாதுக்களே சேர்ந்து உறைவது. கொஞ்சம் வினிகரில் போட்டுச் சூடாக்கினால் கரைந்துவிடும், கண்ணாடி கரையாது.

அப்புறம் மிச்சம் 10 டின் இருந்ததே, அதற்கு அத்தைதான் வழி சொன்னார். சுறாப்புட்டு செய்கிற மாதிரியே செய்தோம். தேக்கா சந்தையில் வாங்கிய சின்ன வெங்காயம், தாராளமாகப் பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் தூள். மீனை நன்றாகப் பிழிந்து, வெங்காயம் சுருண்ட பிறகு போட்டு, சிறு தீயில் பொலபொலவென்று வரும்வரை கிளறினோம். உப்பு போடவே இல்லை, டின்னில் இருந்ததே போதும். ரத்தச் சதை வாடை பூண்டில் அமுங்கிப்போனது. எப்படியும் உதிர்க்க வேண்டிய மீன், ஏற்கனவே உதிர்ந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். என் 2 வெள்ளி 40 காசு டின்னிலும் ஒரு நாள் செய்து பார்த்தேன், துண்டுகளை உடைத்து உதிர்ப்பதற்குள் கை வலித்ததுதான் மிச்சம்.

இப்போது சாலட்டுக்கு மட்டும் நல்ல டின். குட்டி டின் பக்கமே போவதில்லை. நேற்று காலை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு அத்தை கேட்டார், "இன்னும் ரெண்டுதான் இருக்கு, அந்த மஞ்சள் அட்டை இன்னும் தொங்குதாம்மா?"