மாப்பிள்ளைச் சொம்பு

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மறுநாள் அறிவியல் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை காலையில் "லிட்மஸ் தாளை நேர்ல பார்த்திருக்கீங்களாப்பா?" என்று அவள் கேட்டது தப்பு. பதில் சொல்ல நான் எழுந்தது அதைவிடப் பெரிய தப்பு.

"லிட்மஸ் எதுக்கு? நிறங்காட்டி நம்ம வீட்லயே இருக்கு" என்று, முதல் நாள் கல்யாணப் பந்தியில் சாம்பார் அபிஷேகம் வாங்கிய என் வெள்ளை வேட்டியை எடுத்து வந்தேன். ஈரப்படுத்தி, கறை மேல் பார் சோப்பை ரெண்டு இழுப்பு இழுத்ததுதான். மஞ்சளாக இருந்தது ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"பாத்தியா? சோப்பு காரம். மஞ்சள்ல குர்குமின்னு ஒண்ணு இருக்கு. அமிலத்துல மஞ்சளாவே இருக்கும், காரம் பட்டா சிவந்துடும்."

அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் வந்த என் மாமியார், இடுப்பில் துண்டும் கையில் சிவந்த வேட்டியுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டார்.

"ஐயையோ மாப்பிள்ளை! எங்க அடி?"

"அடியெல்லாம் இல்ல அத்தை, வேதியியல்."

"அதுக்கு எந்த டாக்டரைப் பாக்கணும்?"

விளக்கிச் சொன்னதும் முகம் சப்பென்று ஆகிவிட்டது. "இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டுத்தானே ஆரத்தி கரைக்கிறோம். உங்க கல்யாணத்துக்கே நான்தான் கரைச்சேன்."

எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கறையில் பிழிந்தேன். சமர்த்தாக மறுபடி மஞ்சளாச்சு. "சரிப்பா, கறை போகலையே?" என்றாள் மகள். கறை போக்குவது சிலபஸில் இல்லை என்று சொல்லிவிட்டு வேட்டியை வெயிலில் போட்டேன். மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி வெளுத்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அடுத்த பாடம் உலோகம், அலோகம். இடம், சமையலறை. மாமியார் வந்தால் எங்கள் வீட்டில் ஈயச் சொம்பு ரசம்தான். பேருக்குத்தான் ஈயம். காரீயம் என்றால் விஷம், பக்கத்தில் வரக்கூடாது. இது வெள்ளீயம், அதாவது டின். கைக்கு நல்ல கனமாக, கறுக்காத வெள்ளிபோல இருக்கும். அவருடைய அம்மா காலத்துச் சொம்பு அது, ஊரிலிருந்து புடவையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"மாப்பிள்ளை, அந்தச் சொம்பை அடுப்புல வைங்க, புளியைக் கரைச்சிட்டு வந்துடறேன்."

வைத்தேன். அடுப்பில் வை என்றால் பற்ற வை என்றும் சேர்த்துத்தானே அர்த்தம்? பற்ற வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினேன்.

"உலோகம்னாலே உருகுநிலை ஜாஸ்தி. இரும்பு 1538 டிகிரி. டங்ஸ்டன் 3422. அலோகத்தைப் பாரு, கந்தகம் 115 டிகிரியிலேயே உருகிடும். விதிவிலக்கு, பாதரசம். அது சாதாரண வெப்பத்துலயே..."

"அப்பா, சொம்பு சாயுது."

"குறுக்க பேசாத. சாதாரண வெப்பத்துலயே திரவமா..."

"அப்பா, சொம்பு ஒழுகுது!"

திரும்பினேன். சொம்பின் அடிப்பாகம் காணோம். மேல்பாகம் வெட்கப்பட்ட மாதிரி ஒரு பக்கமாகத் தலைகுனிந்திருந்தது. பர்னரைச் சுற்றி, கண்ணாடிபோலப் பளபளவென்று குட்டி குட்டியாய் உருண்டு கொண்டிருந்தது பாட்டி சொத்து.

வெள்ளீயத்தின் உருகுநிலை 232 டிகிரிதான். கேஸ் தீயோ ஆயிரத்தைத் தாண்டும். உள்ளே புளித்தண்ணீர் இருந்தால் அது கொதித்துக் கொதித்துச் சூட்டை 100 டிகிரி பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், சொம்பும் பிழைத்துக்கொள்ளும். காலிச் சொம்புக்கு அந்தக் காவல் கிடையாது. இதையெல்லாம் அடுப்பை அணைத்த பிறகு மகளுக்கு விளக்கமாகச் சொன்னேன். மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

புளிக்கரைசலோடு வந்த மாமியார் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்தார். அன்றைக்கு எனக்கு மட்டும் தெளிவு வந்தது, அடிவண்டல் மற்றவர்களுக்குப் போனது.

பரீட்சையில் "உருகுநிலை குறைந்த உலோகம் ஒன்றைக் கூறுக" என்று ஒரு மதிப்பெண் கேள்வி வந்ததாம். பாதரசம் என்று எழுதாமல், டின் என்று எழுதி, பக்கத்தில் 232 டிகிரியும் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ஆறிப்போன ஈயக் கட்டி இப்போது அவள் மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது. மாமியார் போனில் பேசும்போதெல்லாம் என் நலம் விசாரிக்கிறாரோ இல்லையோ, அதை மறக்காமல் விசாரிக்கிறார்: "மாப்பிள்ளைச் சொம்பு நல்லா இருக்கா?"